நாய்க்குக் கழிச்சல்: பாருங்கள், எழுதுங்கள், சொல்லுங்கள்

(கோலார் தங்கவயல் மாலை வகுப்பில் தொண்டர் ஒருவர் பேசியது)



இன்று பாடப் புத்தகத்தை மூடி வையுங்கள். நோட்டும் பென்சிலும் மட்டும் போதும். இன்று நாம் நாயைப் பற்றிப் பேசப் போகிறோம்.

சிலர் சிரிக்கிறீர்கள். "மனுசனுக்கே ஆஸ்பத்திரி செலவு தாங்கலை. நாய்க்கு என்னம்மா பேச்சு?" என்று ஒரு மாமா கேட்கிறார். நல்ல கேள்வி. பதில் சொல்கிறேன்.

நம் தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. அதன் பிறகு நம்மில் பலருக்கு வேலை பெங்களூரில்தான். விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுகிறோம். இரவுதான் வீடு திரும்புகிறோம். பகல் முழுவதும் லைன் வீடுகளில் யார் இருக்கிறார்கள்? வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள், நாய்கள். பிள்ளைகள் நாயோடு விளையாடுகிறார்கள். ஒரே திண்ணை, ஒரே மண், ஒரே தண்ணீர் டிரம். நாய்க்கு வந்தது பிள்ளைக்கு வரலாம். பிள்ளைக்கு வந்தது நாய்க்கும் வரலாம்.

அதனால்தான் இந்தப் பேச்சு.

என் மணி

முதலில் என் தப்பைச் சொல்லி விடுகிறேன்.

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு குட்டி இருந்தது. மூன்று மாதக் குட்டி. ஒரு நாள் தண்ணீர் மாதிரிக் கழிந்தது. "பூச்சியாக இருக்கும்" என்றேன். மறுநாள் ரத்தம் கலந்து போனது. கெட்ட நாற்றம். நான் மருந்துக் கடைக்குப் போய், மனிதருக்குக் கொடுக்கும் கழிச்சல் மாத்திரை வாங்கி வந்தேன். பாதி உடைத்துக் கொடுத்தேன். கழிச்சல் குறைந்த மாதிரி இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாம் நாள் குட்டியால் தலையைத் தூக்க முடியவில்லை. துணியில் சுற்றி மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் கேட்டார். "எப்போது தொடங்கியது? ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனது? வாந்தி உண்டா? தடுப்பூசி போட்டீர்களா? என்ன மருந்து கொடுத்தீர்கள்?"

எனக்கு எதுவும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மாத்திரையின் பெயர்கூட நினைவில் இல்லை. நான் பத்தாவது வரை படித்தவள். உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவள். ஆனால் என் குட்டிக்கு நோய் வந்தபோது நான் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

மணி அன்று மாலையே செத்துப் போனது. அதற்கு வந்தது என்ன நோய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குடலில் இருக்கும் கிருமிகள்

நாயின் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றன. நம் குடலிலும் அப்படித்தான். பெரும்பாலானவை நல்லவை. சாப்பிட்டது செரிக்க உதவுகின்றன. சில மட்டும் தொல்லை தருகின்றன. அவற்றில் மூன்றின் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

ஒன்று, கேம்பைலோபாக்டர். கிரேக்க மொழியில் இதற்கு "வளைந்த கோல்" என்று பொருள். பூதக்கண்ணாடிக் கருவியான மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வளைந்து நெளிந்து தெரியும். திருகாணி மாதிரிச் சுழன்று ஓடும். குட்டி நாய்களை இது அதிகம் பிடிக்கும்.

இரண்டு, சால்மனெல்லா. டேனியல் சால்மன் என்பவர் அமெரிக்காவின் கால்நடை மருத்துவர். அவரோடு வேலை செய்த தியோபால்ட் ஸ்மித் 1885இல் இந்த வகைக் கிருமியைக் கண்டார். பெயர் மட்டும் சால்மனுக்குப் போனது. இது குடலைத் தாண்டி ரத்தத்திலும் கலக்கலாம். அப்போது கடும் காய்ச்சல் வரும்.

மூன்று, கிளாஸ்டிரிடியம். இதில் ஒரு வகை குடலில் நஞ்சைக் கக்கும். சளியும் ரத்தமுமாகக் கழிச்சல் வரும்.

இவை எப்படி வாய்க்குள் போகின்றன? பச்சைக் கோழிக் கழிவு, கெட்டுப்போன இறைச்சி, சாக்கடைத் தண்ணீர், மற்ற நாயின் மலம். கோழிக்கடை வாசலில் நாய்கள் காத்து நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். குடலையும் தோலையும் அள்ளிப் போடுகிறார்கள். அதோடு கிருமியும் போகிறது.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். எல்லாக் கழிச்சலும் இந்தக் கிருமிகளால் வருவதில்லை. குடல் புழுவால் வரும். தின்னக் கூடாததைத் தின்றால் வரும். பார்வோ என்ற வைரஸால் வரும். பார்வோ 1978 வாக்கில் உலகம் முழுவதும் பரவியது. 1980களின் தொடக்கத்தில் சென்னையிலும் கண்டுபிடித்தார்கள். தடுப்பூசி போடாத குட்டிகளை அது வேகமாகக் கொல்லும். வாந்தி, சோர்வு, நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல். பாக்டீரியா நோயும் பார்க்க இப்படியே இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. டாக்டராலும் முடியாது. சோதனைதான் பிரித்துச் சொல்லும்.

அப்படியானால் நாம் என்ன செய்வது? நாம் அடையாளங்களைப் பார்க்கலாம்.

பார்க்க வேண்டியவை

என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அவர் சொல்வார், "மேல் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்க்கணும். சத்தம் மாறினா அங்கே நிக்கக் கூடாது." உள்ளே என்ன இருக்கிறது என்று தாத்தாவுக்குத் தெரியாது. ஆனால் அடையாளம் தெரியும். நாயின் உடம்பும் அப்படித்தான்.

முதலில் மலத்தைப் பாருங்கள். அருவருப்பு வேண்டாம். பிள்ளை வளர்த்தவர்கள்தானே நாம்.

தண்ணீர் மாதிரி நிறையப் போகிறதா? தார் மாதிரிக் கறுப்பாக இருக்கிறதா? அப்படியானால் சிறுகுடலில் தொல்லை இருக்கலாம். கறுப்பு என்பது உள்ளே கசிந்து செரித்துப் போன ரத்தமாக இருக்கலாம்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போகிறதா? முக்கி முக்கிப் போகிறதா? சளி இருக்கிறதா? பச்சை ரத்தம் சிவப்பாகத் தெரிகிறதா? அப்படியானால் பெருங்குடலில் தொல்லை இருக்கலாம்.

அடுத்து நாயைப் பாருங்கள். பழகிய நாயாக இருந்தால் மட்டும் தொடுங்கள்.

பிடரித் தோலை மெல்லத் தூக்கி விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. மெதுவாகப் படிந்தால் உடம்பில் தண்ணீர் குறைந்து விட்டது.

ஈறு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுக்கும். விரலை எடுத்த இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு காய்ந்து வெளுத்துப் போயிருந்தால் ஆபத்து.

காய்ச்சலைக் கையால் தொட்டுச் சொல்லாதீர்கள். நாயின் உடம்பு நம் உடம்பைவிடச் சூடானது. நமக்கு 98.6 டிகிரி என்றால் நாய்க்கு 100.5 முதல் 102.5 டிகிரி வரை சாதாரணம். அதனால் நலமான நாயும் சூடாகத்தான் இருக்கும். காய்ச்சலை டாக்டர் அளந்து சொல்லட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. நாய் எச்சில் வடிக்கிறது, விழுங்க முடியவில்லை, குணம் மாறி விட்டது என்றால் வாய்க்குள் கை விடவே கூடாது. வெறிநோயாக இருக்கலாம். அந்த நாயின் அருகில் யாரையும் விடாதீர்கள். உடனே மாட்டாஸ்பத்திரிக்குத் தெரிவியுங்கள். அது யாரையாவது கடித்திருந்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக் கொள்ளுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

1. ஆறு மாதத்துக்குள் உள்ள குட்டிக்குக் கழிச்சல் வந்தால்.
2. மலத்தில் அதிக ரத்தம் இருந்தால், அல்லது மலம் கறுப்பாகப் போனால்.
3. வாந்தியும் கழிச்சலும் சேர்ந்து வந்தால்.
4. நாய் எழவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை என்றால்.
5. பெரிய நாய்க்கு இரண்டு நாளாகியும் நிற்காவிட்டால்.

இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலும் அன்றே மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குட்டியின் உடம்பில் தண்ணீர் கொஞ்சம்தான். ஒரு நாள் கழிச்சலே அதை வற்ற வைத்து விடும்.

மூன்றாம் வீட்டு அக்காவின் நோட்டு

இப்போது ஒரு நல்ல கதை சொல்கிறேன்.

எங்கள் லைனில் கருப்பி என்று ஒரு நாய் உண்டு. ஒருவர் வீட்டு நாய் இல்லை. எல்லார் வீட்டுச் சோறும் தின்னும். எல்லார் வீட்டையும் காக்கும். போன மழைக் காலத்தில் கருப்பிக்குக் கழிச்சல் வந்தது. அதே வாரம் ஒரு சின்னப் பிள்ளைக்கும் கழிச்சல் வந்தது.

லைனில் பேச்சு கிளம்பி விட்டது. "நாயால்தான் பிள்ளைக்கு வந்தது. அடித்து விரட்டுங்கள்" என்றார்கள். சிலர் கம்பையும் எடுத்து விட்டார்கள்.

அப்போது மூன்றாம் வீட்டு அக்கா வந்தார். நம் வகுப்பில் படிப்பவர்தான். இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வெட்கப்படுகிறார். ஒரு வருடத்துக்கு முன் அவர் கைநாட்டு. அன்று அவர் கையில் ஒரு நோட்டு இருந்தது. அதில் இருந்ததை அவரைக் கேட்டுக் கொண்டுதான் கரும்பலகையில் எழுதுகிறேன்.

"திங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கழிச்சல். 4 தடவை.
புதன். காலை 6 மணி. கருப்பி, சளி மாதிரி. கொஞ்சம் ரத்தம்.
புதன். மாலை வரை 7 தடவை. வாந்தி இல்லை. தண்ணீர் குடித்தது.
செவ்வாய் கோழிக்கடைக் குடல் தின்றது.
மருந்து எதுவும் கொடுக்கவில்லை."

ஐந்து வரி. எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. அதனால் ஒன்றும் குறையவில்லை.

அந்த நோட்டில் முதலில் என்ன தெரிந்தது? பிள்ளைக்குத் திங்கட்கிழமையே வந்து விட்டது. நாய்க்குப் புதன்கிழமைதான் வந்தது. இதைப் படித்துக் காட்டியதும் கம்பு எடுத்தவர்கள் கீழே வைத்தார்கள்.

நான் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இதை வைத்து நாயின் மேல் தப்பே இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. நலமாக இருக்கும் நாயும் கிருமியைச் சுமக்கலாம். இருவருக்கும் டிரம் தண்ணீரிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் தேதி தெரிந்ததும் கோபம் நின்றது, யோசனை தொடங்கியது. டிரம்முக்கு மூடி போட்டார்கள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும் நாயை மாட்டாஸ்பத்திரிக்கும் கொண்டு போனார்கள்.

மலத்தை எப்படி எடுத்துப் போவது?

அக்கா நோட்டோடு இன்னொன்றும் கொண்டு போனார். ஒரு சின்ன டப்பாவில் கருப்பியின் மலம். அதற்கும் முறை உண்டு.

டப்பா சுத்தமாக, காய்ந்ததாக இருக்க வேண்டும். பினாயில் படக் கூடாது. பட்டால் கிருமி செத்து விடும், சோதனை பொய் சொல்லும். கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக் கொள்ளுங்கள். அப்போது போன மலத்தில், மண் ஒட்டாத பகுதியில், ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்தால் போதும். மூடியை இறுக்குங்கள். நாயின் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். அன்றே கொண்டு போங்கள். கேம்பைலோபாக்டர் காய்ந்தால் சீக்கிரம் செத்து விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து கொடுப்பதற்கு முன் எடுக்க வேண்டும். மருந்து உள்ளே போன பிறகு கிருமியைத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

டாக்டர் என்ன சோதிப்பார்? மைக்ராஸ்கோப்பில் புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். வளைந்து ஓடும் கிருமி தெரிகிறதா என்றும் பார்ப்பார். பார்வோவுக்கு ஒரு பட்டைச் சோதனை உண்டு. சில நிமிடங்களில் கோடு விழுந்து சொல்லும். பாக்டீரியாவை உறுதி செய்ய ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். தயிர் உறைய வைப்பது போலத்தான். சரியான சூடு வேண்டும், நேரம் வேண்டும். கேம்பைலோபாக்டருக்கு 42 டிகிரி செல்சியஸ் சூடும் குறைந்த அளவு பிராணவாயுவும் வைத்து, இரண்டு நாள் பார்ப்பார்கள். சால்மனெல்லாவுக்கும் இரண்டு மூன்று நாளாகும். பெங்களூர் ஹெப்பாளில் 1958இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரிய சோதனை தேவைப்பட்டால் எங்கே அனுப்புவது என்று டாக்டர் சொல்வார்.

கிருமி இருந்தால் நோய் என்று பொருளா?

இதுதான் இன்றைய பேச்சில் முக்கியமான இடம். கவனமாகக் கேளுங்கள்.

நம் பக்கத்து ஊர் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்த ஆய்வாளர்கள், தென்னிந்தியாவில் நலமாக இருந்த மக்களின் மலத்தில் கேம்பைலோபாக்டரைத் தேடினார்கள். 1982இல் அந்த ஆய்வு வெளிவந்தது. எந்த நோயும் இல்லாதவர்கள் சிலரிடமும் அந்தக் கிருமி இருந்தது.

நாய்களிடமும் இதே கதைதான். நலமான நாய்கள் பலவற்றின் மலத்தில் கேம்பைலோபாக்டர் உண்டு. கிளாஸ்டிரிடியம் அதைவிட அதிகம். அதனால் கிருமி கிடைத்து விட்டது என்பதற்காக, அதுதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லி விட முடியாது. டாக்டர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். சோதனை என்ன சொல்கிறது? நாய் எப்படி இருக்கிறது? நாய் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். அதற்குத்தான் நோட்டு.

கருப்பிக்கு என்ன நடந்தது? டாக்டர் அக்காவின் ஐந்து வரியைப் படித்தார். நாயைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. ஈறு சிவப்பாக இருந்தது. மைக்ராஸ்கோப்பில் வளைந்த கிருமிகள் தெரிந்தன. நாங்கள் பெரிய ஊசி போடுவார் என்று நினைத்தோம். அவர் போடவில்லை. "பெரிய நாய், தெம்பாக இருக்கிறது. தண்ணீரும் கஞ்சியும் கொடுங்கள். இரண்டு நாள் எழுதிக் கொண்டு வாருங்கள். மோசமானால் உடனே வாருங்கள்" என்றார்.

அக்கா எழுதினார். வியாழன் 5 தடவை. வெள்ளி 2 தடவை. சனி கெட்டியாகப் போனது. கருப்பி பிழைத்தது. மருந்துச் செலவு இல்லை.

மாத்திரை ஏன் கூடாது?

சாதாரணக் கழிச்சலுக்குக் கிருமிக்கொல்லி மாத்திரை வேண்டாம் என்று அமெரிக்கக் கால்நடை வல்லுநர்கள் 2011இல் எழுதினார்கள். ஏன்? கண்டபடி மாத்திரை கொடுத்தால் நல்ல கிருமி சாகும். பிழைத்த கெட்ட கிருமி மருந்துக்கு அடங்காததாகி விடும். அமெரிக்காவிலேயே 2016 முதல் 2018 வரை கடைகளில் விற்ற நாய்க்குட்டிகளிடமிருந்து 100 பேருக்கு மேல் கேம்பைலோபாக்டர் தொற்றியது. அந்தக் கிருமி பல மருந்துகளுக்கு அடங்கவில்லை. அந்தக் குட்டிகளில் பலவற்றுக்கு ஏற்கெனவே கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருந்தார்கள்.

அதற்காக, கடும் காய்ச்சலில் கிடக்கும் நாய்க்கும் மருந்து வேண்டாம் என்று பொருள் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். மனிதருக்கான கழிச்சல் மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் நாமாகக் கொடுக்கக் கூடாது. கழிச்சலை அடைத்தால் கிருமியும் நஞ்சும் உள்ளேயே தங்கி விடலாம். நான் மணிக்குச் செய்தது அதுதான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

நாய் வாந்தி எடுக்கவில்லை என்றால், கொதித்து ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வையுங்கள். குழைந்த சோற்றுக் கஞ்சி கொடுங்கள். காரம், எண்ணெய், பச்சை இறைச்சி வேண்டாம்.

மலத்தை அப்படியே விடாதீர்கள். கையில் பை மாட்டி அள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குத் தூரமாக ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நாயைத் தொட்ட பிள்ளை கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் ஆகியோரை நோயுள்ள நாயிடமிருந்து தள்ளி வையுங்கள். நாய் குணமான பிறகும் சில வாரங்கள் கிருமி மலத்தில் வரலாம்.

கோழிக் கழிவை நாய்க்குப் போட வேண்டுமென்றால் நன்றாக வேக வைத்துப் போடுங்கள். நமக்கும் இந்தக் கிருமி அதிகம் வருவது சரியாக வேகாத கோழியாலும், கோழி அறுத்த கத்தியைக் கழுவாமல் வைப்பதாலும்தான். நாயை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது.

குட்டி வளர்ப்பவர்கள் ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி போடுங்கள். அது பார்வோவைத் தடுக்கும். டாக்டர் சொல்லும் தேதியில் அடுத்த ஊசிகளையும் போடுங்கள். அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள்.

போகும் முன்

மாமா, உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்ததா? தலையாட்டுகிறார்.

மூன்று கேள்வி தருகிறேன். வீட்டில் யோசித்து எழுதி வாருங்கள்.

1. மருந்து கொடுப்பதற்கு முன்பே மலத்தை ஏன் எடுக்க வேண்டும்?
2. கிருமி இருக்கும் நாய் எல்லாம் நோயாளி நாயா?
3. மூன்றாம் வீட்டு அக்கா எழுதிய ஐந்து வரியில் டாக்டருக்கு எது உதவியது? லைனுக்கு எது உதவியது?

ஒரு வேலையும் உண்டு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து வார்த்தை எழுதிக் கொள்ளுங்கள்: தேதி, நேரம், தடவை, நிறம், சாப்பாடு. வீட்டில் நாய்க்கோ, ஆட்டுக்கோ, பிள்ளைக்கோ கழிச்சல் வந்தால் அந்தப் பக்கத்தைத் திறங்கள்.

மணிக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை. கருப்பிக்கு இருந்தது. கருப்பி இப்போது வாசலில் படுத்திருக்கிறது. போகும்போது வாலை மிதித்து விடாதீர்கள்.